ஜூம் இல்லாவிட்டால் என்ன?

‘ஜூம் இல்லாத கேமரா காசுக்குக் கேடு’ என்ற வாதம் தூரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பாருங்கள்: குறுகிய அறை, மங்கிய வெளிச்சம், பற்றவைக்கும் கை ஓர் எட்டுத் தூரத்தில். எட்டி இழுக்கும் லென்ஸுக்கு அங்கே என்ன வேலை? 2019-இல் வந்த, ஜூம் இல்லாத ரிக்கோ ஜிஆர் 3 கேமரா அந்த இடத்துக்கே பொருந்துகிறது: 28 மி.மீ.க்கு இணையான எஃப் 2.8 லென்ஸ், ஏபிஎஸ்-சி சென்சார், பேட்டரியோடு 257 கிராம். சட்டைப்பையில் அடங்குவதால் தினமும் கூடவே வரும். செல்போன் போதாதா என்பார்கள். அதன் சென்சார் மிகச் சிறியது, மங்கிய வெளிச்சத்தில் நுணுக்கங்களை மென்பொருள் மெழுகிவிடும். ரிக்கோவில் தூசித் தடுப்பு இல்லை என்ற குறை மட்டும் நியாயமானது. அதனால் நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் கவனம் தேவை. சங்ககிரிக் கோட்டையைத் தொலைவிலிருந்து எடுப்பவர் ஜூம் வாங்கட்டும்; தெருவையும் தொழிலையும் எடுப்பவருக்கு அது வேண்டாம்.