மயக்க மருந்துக்கு முன் மறைக்காதீர்!

பெங்களூரில் வாணி விலாஸ் ஆஸ்பத்திரியானாலும், இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரியானாலும், தனியார் நர்சிங் ஹோமானாலும், ஆபரேஷனுக்கு முன் பெற்றோரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தை கடைசியாக எப்போது சாப்பிட்டது?" என்பதே அது.

பசியால் அழும் பிள்ளையைக் காணச் சகிக்காமல், தாயோ பாட்டியோ ஒரு பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், இன்னொரு நாள் கூலி போய்விடும் என்று பயந்து, "ஒன்றும் கொடுக்கவில்லை" என்கிறார்கள். பாசத்தால் செய்யும் இந்தத் தவறு பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கும்.

விழித்திருக்கும்போது ஏதாவது புரையேறினால் இருமல் வந்து காப்பாற்றும். மயக்கத்தில் அந்தக் காவல் இல்லை. வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலில் இறங்கிவிடும். ஆகவேதான் திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும் என்பது பல ஆஸ்பத்திரிகளின் கணக்கு. தண்ணீருக்கு 1 மணி நேரமே போதும் என்று ஐரோப்பிய மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம் 2022-ல் கூறியது. எனவே ராத்திரி முதல் சொட்டுத் தண்ணீரும் இன்றிக் குழந்தையை வாட்டுவதும் சரியல்ல. ஆபரேஷன் தாமதமானால் தண்ணீர் தரலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

சளி, இருமல், ஆஸ்துமா, ஆடும் பல் ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. சளி பிடித்திருந்தால் மயக்கத்தின்போது குரல்வளை இறுகி மூச்சை அடைத்துக்கொள்ளக்கூடும். பெரியவர்களைவிட விரைவாகக் குழந்தைக்குப் பிராணவாயு குறைந்துவிடும்.

"ஸ்கேனுக்குத் தூக்க மருந்துதானே" என்று அலட்சியம் காட்டுவதும் ஆபத்து. தூக்கம் ஆழ்ந்து மயக்கமாகலாம். மூச்சைக் கவனிக்கத் தனியே ஒருவர் இருக்கிறாரா, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலிலேயே இக்கருவி இடம்பெற்றது.

ஆஸ்பத்திரிகளுக்கும் கடமை உண்டு. புரியாத மொழியில் உள்ள காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் போதாது. எதை, எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்ற சீட்டைக் கன்னடத்துடன் தமிழ், தெலுங்கு, உருதுவிலும் அச்சிட்டுத் தருவது பெரிய செலவல்ல. புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த நர்சை அழைக்கச் சொல்லப் பெற்றோரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆபரேஷன் தள்ளிப்போனால் ஒரு நாள் கூலிதான் நஷ்டம். மறைத்ததால் வரும் நஷ்டத்தை ஆயுள் முழுதும் உழைத்தாலும் ஈடுகட்ட முடியாது.