பழகிப் போச்சு ஸார்!

“நமக்கெல்லாம் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது ஸார்!”

ஆபீஸ் கேன்டீனில் இதை ஏதோ டிகிரி வாங்கின மாதிரி சொல்லிக் கொள்பவர்கள் உண்டு. தண்டவாளத்தை ஒட்டி வீடு, தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூம், எதிரே கல்யாண மண்டபம்... எதை விசாரித்தாலும் ஒரே பதில்தான்: “ஆரம்பத்துல கஷ்டமா இருந்துச்சு. இப்பப் பழகிப் போச்சு.”

இந்த வாரம் கூண்டில் ஏற்றப் போவது இந்தப் ‘பழகிப் போச்சு’வைத்தான். ஏனென்றால் பழகிப் போவது உங்களுக்கு. உங்கள் இதயத்துக்குப் பழகுவதே இல்லை.

கண்ணுக்கு இமை கொடுத்த கடவுள், காதுக்கு ஷட்டர் வைக்கவில்லை. காட்டில் படுத்துத் தூங்கிய காலத்தில் புலி வந்தால் சொல்ல ஒரு வாட்ச்மேன் வேண்டுமே! அந்த வாட்ச்மேன் இன்னும் ரிடையர் ஆகவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்வீட்டில் யாரோ நாற்காலியை ‘க்ரீச்’சென்று இழுத்தால், அது நாற்காலியா புலியா என்று அவர் விசாரிப்பதில்லை. உடனே மணி அடித்து விடுகிறார். அட்ரினலின் பாய்கிறது. நாடி எகிறுகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. பி.பி. ஏறுகிறது. புலி இல்லை என்று தெரிந்த பிறகு எல்லாம் மெல்ல இறங்குகிறது. பாதி நேரம் நீங்கள் கண் விழிப்பதுகூட இல்லை. காலையில் கேட்டால், “அடிச்சுப் போட்டாப்ல தூங்கினேன்” என்பீர்கள்.

தூக்கத்தை ஆராய்ச்சி செய்பவர்கள் இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்கள். புதுச் சத்தத்துக்கு முதல் சில ராத்திரிகள் விழிப்பு வரும். அப்புறம் விழிப்பு குறைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் நாடி எகிறுவது மட்டும் நாள் கணக்கில் போனாலும் நிற்பதில்லை. கும்பகர்ணனை எழுப்ப முரசு, சங்கு, யானை என்று என்னென்னவோ கொண்டு வந்தார்களாம். அவன் எழுந்திருக்காததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் அவனுக்கு பி.பி. எவ்வளவு இருந்தது என்று யாரும் பார்த்து வைக்கவில்லை!

நிஜமாகவே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் நான்கு பெரிய விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் வசித்த 140 பேருக்கு, அவரவர் வீட்டிலேயே, தூங்கும்போதே பி.பி. கருவியை மாட்டிவிட்டார்கள். அறைக்குள் கேட்ட சத்தத்தையும் பதிவு செய்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. விமானம் ஒன்று தலைக்கு மேல் போனால், தூங்குகிறவரின் பி.பி.யில் மேல் அளவு சராசரியாக 6 புள்ளி, கீழ் அளவு 7 புள்ளி ஏறியது. விமானமா, லாரியா என்பது பெரிய விஷயமாக இல்லை. எவ்வளவு உரக்கக் கேட்டது என்பதுதான் கணக்கு. பக்கத்தில் படுத்தவரின் குறட்டைக்கும் அதே மரியாதை! (இதைக் கத்தரித்து வீட்டில் காட்ட விரும்புகிறவர்கள் சொந்தப் பொறுப்பில் காட்டவும்.)

‘ஆறு புள்ளிதானே, ஏறி இறங்கிட்டுப் போகட்டுமே’ என்று தோன்றும. தூக்கத்தில் நமக்கு பி.பி. பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்க வேண்டும். பகலெல்லாம் உழைத்த இதயத்துக்கு அதுதான் ஓய்வு. அப்படி இறங்காதவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் அதிகம். லீவில் இருப்பவனுக்கு ஆபீஸிலிருந்து கால் மணிக்கொரு தரம் போன் வந்தால் அது என்ன லீவு?

சர்க்கரைக் கதை இதைவிடச் சுவாரஸ்யம். அதே 2008-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒல்லியான, ஆரோக்கியமான ஒன்பது பேரைத் தூங்க வைத்தார்கள். எல்லோரும் இருபதிலிருந்து முப்பத்தொரு வயதுக்குள். அவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு சின்னச் சத்தம். விழிக்கிற அளவுக்கு இல்லை, ஆழத்திலிருந்து மேலே வருகிற அளவுக்கு மட்டும். மொத்தம் தூங்கிய நேரம் குறையவில்லை. ஆனால் மூன்றே ராத்திரியில், அவர்கள் உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படும் திறன் சுமார் 25 சதவீதம் இறங்கிவிட்டது.

கவனியுங்கள். நேரத்தில் குறைவில்லை, தரத்தில்தான் குறைவு. ‘எட்டு மணி நேரம் தூங்கறேனே, அப்புறமும் ஏன் அசதி?’ என்று கேட்பவர்கள், முதலில் படுக்கையைச் சுற்றி என்ன சத்தம் என்று காது கொடுத்துப் பார்க்கலாம்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் டெஸிபல் கணக்கு எனக்குக் கூட்டு வட்டி மாதிரிதான் புரிந்தது. 40 டெஸிபல் 50 ஆனால் ‘பத்துதானே கூடியிருக்கு’ என்று விட முடியாது. சத்தத்தின் சக்தி பத்து மடங்கு ஆகிவிட்டது. 60 என்றால் நூறு மடங்கு. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஐரோப்பாவுக்குச் சொன்ன ராத்திரி அளவு, வீட்டுக்கு வெளியே 40 டெஸிபல். நம் நாட்டின் 2000-ம் வருடத்து விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை, 45 என்கின்றன. அந்த நேரத்தில் வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி விசேஷங்களுக்கு மாநில அரசு வருடத்தில் 15 நாள் வரைக்கும் நள்ளிரவு 12 மணி வரை அனுமதிக்கலாம், அவ்வளவுதான். 2010-ல் செய்த திருத்தத்தின்படி, குடியிருப்புப் பகுதியில் ராத்திரி ஹாரன் அடிப்பதும் கட்டுமான இயந்திரம் ஓட்டுவதும்கூடத் தப்பு. பக்கத்து மனையில் ராத்திரி பதினொன்றுக்கு கான்க்ரீட் மெஷின் ஓடினால் 100-க்கு போன் செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வீட்டுக்குள் வருகிற சத்தத்தில் பாதிக்கு போலீஸ் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் போதும். ஒரே சீராக ‘உர்ர்’ரென்று ஓடுகிற ஃபேனால் பெரிய தொல்லை இல்லை. நடுநடுவே ‘டக்... டக்...’ என்று தாளம் போடுகிற ஃபேன்தான் எதிரி, அதன் ஸ்க்ரூவை முடுக்குங்கள். மோட்டாருக்கு அடியில் ரப்பர் அட்டை. நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் (மேல்வீட்டுக்காரருக்கு நீங்களே பரிசாகக் கொடுக்கலாம்). கட்டிலின் தலைமாடு லிஃப்ட், மோட்டார், தெரு இவற்றின் பக்கம் வேண்டாம். செல்போன் அடுத்த ரூமில் படுக்கட்டும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகள் சிரிப்பது கேட்கிறது. “எங்களுக்கு ஏது ஸார் அடுத்த ரூம்?” உங்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் இயர் பிளக் இருக்கிறது. விரலால் மெல்லிசாக உருட்டிக் காதில் வைத்து, அது விரிகிற வரை பிடித்துக் கொள்ள வேண்டும். (காதில் சீழ், வலி இருந்தால் கூடாது.) பஞ்சு வைத்தால் மனத்திருப்திதான், சத்தம் பெரிதாகக் குறையாது. அறை நண்பரின் குறட்டை நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிற ரகமாக இருந்தால் கோபப்படாமல் அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து.

என் நண்பர் ஒருவர். முப்பத்திரண்டு வயது. சிகரெட் இல்லை, தொப்பை இல்லை. கம்பெனி செக்கப்பில் பி.பி. 146/94. “தூக்கம் எப்படி?” என்று டாக்டர் கேட்டதற்கு, “பிரமாதம் டாக்டர். வீட்டு வாசல்ல நாலு மணிக்கு பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி உறும விடுவான், எனக்குத் தெரியவே தெரியாது” என்றிருக்கிறார். “உங்க வொய்ஃபுக்கு?” “அவ தினம் எழுந்துடுவா.” டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கூடவே படுக்கையைப் பின்பக்க ரூமுக்கு மாற்றவும் சொன்னார். மூன்றையும் செய்தார். ஆறு மாதத்தில் 128/82. எதனால் எத்தனை இறங்கியது என்று பிரித்துச் சொல்ல எந்த ஆடிட்டராலும் முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணு மணி வரை சுருண்டு கிடந்தவர், இப்போது காலையில் பையனுக்கு சைக்கிள் கற்றுக் கொடுக்கிறார்.

நம் ஊரில் ஒரு வினோதம். அக்கம்பக்கத்தில் ராத்திரி சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. “கொஞ்சம் சவுண்டைக் குறைங்க, வீட்ல ஹார்ட் பேஷன்ட் இருக்காங்க” என்றால் பதறிப் போய்க் குறைப்பார்கள், நல்ல மனுஷர்கள்தான். “பையனுக்குப் பரீட்சை” என்றாலும் குறைப்பார்கள். வெறுமனே, “தூங்கணும் ஸார்” என்றால் மட்டும், ‘இது ஒரு காரணமா?’ என்று ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அதாவது, பேஷன்ட் ஆன பிறகுதான் நமக்கு அமைதி கிடைக்கும். ஆகாமல் இருக்க வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது!

பேஷன்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டி, சிரித்த முகத்தோடு சொல்லிப் பாருங்கள்: “தூங்கணும் ஸார். அவ்வளவுதான்.”