ஊருக்கு வராத அணி

பிரீமியர் ஹாக்கி லீக் என்று ஒன்று நடந்தது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. ஐ.பி.எல். கிரிக்கெட் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2005 ஜனவரியில், ஊர்ப் பெயர் சூட்டிய அணிகளும் சம்பளத்துக்கு ஆடும் வெளிநாட்டு வீரர்களுமாக ஹாக்கிக்காரர்கள் நடத்திக் காட்டிய போட்டி அது. இந்திய ஹாக்கி சம்மேளனமும் ஈ.எஸ்.பி.என். ஸ்டார் தொலைக்காட்சியும் சேர்ந்து செய்த ஏற்பாடு. ஹைதராபாத் சுல்தான்ஸ், ஷேர்-இ-ஜலந்தர், மராத்தா வாரியர்ஸ், பெங்களூர் லயன்ஸ் ஆகியவற்றோடு நமக்கும் ஓர் அணி இருந்தது. பெயர் சென்னை வீரன்ஸ்.

அப்போது நான் வாத்தியார் வேலையில் இருந்தேன். என்னிடம் படித்த ஒரு பையன் பள்ளி ஹாக்கி அணியில் ஆடுவான். அவன் வீட்டில் கேபிள் கிடையாது. ஆட்டம் இருக்கும் நாளில் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். 70 நிமிட ஆட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். நடுவில் 'டைம் அவுட்' வேறு. இது என்ன கூத்து என்று என்னைப் போன்ற பழைய ஆட்கள் முகம் சுளித்தோம். 2014-ல் சர்வதேச ஹாக்கி சம்மேளனமே நான்கு பகுதி ஆட்டத்துக்கு மாறியபோது வாயை மூடிக்கொண்டோம். பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸ் ஹைதராபாத்துக்காக பெனால்டி கார்னர் அடிக்க வந்தால் பையன் மூச்சுவிட மாட்டான். அந்த முதல் கோப்பை ஹைதராபாத்துக்கே போனது.

ஒருநாள் அவன் கேட்டான்: "ஏனுங்க சார், நம்ம டீம் எப்பங்க மெட்ராசுக்கு வரும்? வந்தா சேலம் போயி ரயிலேறிப் பாத்துட்டு வந்துரலாமுங்க சார்."

நாளிதழில் அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். எல்லா ஆட்டங்களும் ஹைதராபாத்தில்தான். சென்னையின் பெயரைச் சுமந்த அணி அந்த ஆண்டு சென்னையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக்கும் சண்டிகருக்கும் ஆட்டங்கள் வந்தன. அப்போதும் எல்லா அணிகளும் ஓர் ஊரில் கூடாரம் போட்டு ஆடிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் முறைதான். சர்க்கஸ் வந்துபோனது போல.

இதில் செலவு மிச்சம், படம்பிடிப்பதும் எளிது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த லீக் வேரூன்றாமல் போனதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், டொராண்டோவில் என் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்து, பனித்தரை ஹாக்கிமேல் அந்த ஊருக்கு இருக்கும் பைத்தியத்தைப் பார்த்தவன் நான். அவர்களுடைய மேப்பிள் லீஃப்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967-ல். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோற்றும் அரங்கம் நிறைகிறது. தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் ஒரே நீலச் சட்டை. இறுதித் தொடரில் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே கோப்பை. ஆட்டங்கள் இரண்டு அணிகளின் ஊர்களிலும் மாற்றி மாற்றி நடக்கும். வென்ற அணியின் வீரர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கோப்பையை ஒரு நாள் தம் சொந்த ஊருக்கு எடுத்துப்போகும் வழக்கமும் உண்டு.

நம்மூரில் ஹாக்கிக்குக் கூட்டம் வராது என்பார்கள். 2007 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். தென் கொரியாவை 7-2 என்று நாம் அடித்து நொறுக்கினோம். நானும் அந்தப் பையனும் போயிருந்தோம். உட்கார இடமில்லை. திரும்பும்போது அவனுக்குத் தொண்டை கட்டி, சேலம் வரும்வரை பேச்சே வரவில்லை.

ஆறே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் போனோம். சம்மேளனம் கலைந்தது. அந்த ஆண்டோடு லீக்கும் நின்றது.

2012-ல் வேர்ல்டு சீரீஸ் ஹாக்கி வந்தது. அவர்கள் சரியாகச் செய்தார்கள். சென்னை சீட்டாஸ் அணி சென்னையிலேயே ஆடியது. ஆனால் சர்வதேச சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லை. இரண்டு நிர்வாகங்களின் சண்டையில் அது ஒரே ஆண்டில் முடிந்தது. ஊருக்கு வந்தால் மட்டும் போதாது, வீடும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை.

அந்த லீக் மீண்டும் தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஓர் அணி வந்தது. 2025 பிப்ரவரி 1-ல் முடிந்த அந்தத் தொடரில் அரையிறுதி வரை போனார்கள். பையன் (இப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், வயது முப்பத்தைந்துக்கு மேல்) போன் செய்தான்.

"சார், நம்ம டீம் எங்கீங்க ஆடறாங்க?"

"ரூர்கேலாவில், ராஞ்சியிலப்பா."

"அப்ப மறுபடியும் டிவிதானுங்களா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்தும் அவன் கேள்விக்கு அதே பதில். ஒடிசாவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் ஹாக்கிக்குப் பணம் போட்டார்கள், அரங்கம் கட்டினார்கள், ஆட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். நம்மிடமும் எழும்பூர் அரங்கம் இருக்கிறது. கோவில்பட்டி இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பையை அந்த ஊர் தன் வீட்டுத் திருவிழா போல நடத்தி வருகிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் அந்த மண்ணின் பிள்ளைதான். கண்ணெதிரே ஆட்டம் நடக்கும் ஊரில்தான் பிள்ளைகள் மட்டையை எடுக்கிறார்கள்.

தமிழ்நாடு என்று பெயர் வைத்தால் பாதி ஆட்டமாவது தமிழ்நாட்டில் நடக்கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காலரியை ஒதுக்கட்டும். சேலம், நாமக்கல்லிலிருந்து பள்ளிக்கு ஒரு பேருந்து போதும். பட்டறைக்காரனின் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. அவளும் மட்டை பிடிக்கிறாள். அதே கேள்வியை அவள் கேட்பதற்குள் யாராவது பதில் வைத்திருந்தால் நல்லது.