பொக்கிஷமும் பூட்டும்

வீடியோ விளையாட்டைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுத என்ன அவசியம் வந்தது என்று நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பிள்ளைகளின் பொழுதுபோக்கு, காசைக் கரைக்கும் வழி, கண்ணுக்குக் கெடுதி என்று ஒரே வார்த்தையில் இவ்விஷயத்தைத் தீர்த்துவிடுகிறவர்கள் அநேகர். அவர்களோடு நாம் வாதாடப் போவதில்லை. ஐம்பது வருஷங்களுக்கு மேலாக உலகெங்கும் கோடிக்கணக்கான ஜனங்கள் ஆடிவந்திருக்கும் ஒரு கலை, அதை ஆடிய தலைமுறை உயிரோடிருக்கும்போதே கைக்கெட்டாமற் போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப் போவதற்குக் காலத்தின் கொடுமை மட்டும் காரணமன்று. சிலருடைய தீர்மானமும் காரணம். இப்பத்தியில் அதற்கு இடங்கொடுக்க இது போதுமென்று கருதுகிறோம்.

பழைய விளையாட்டுகளைத் திரட்டி, ஒரே தொகுப்பாக்கி, இக்காலத்துக் கன்சோல்களில் ஆடும்படி விற்பது இன்று பெரிய வியாபாரம். கன்சோல் என்பது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் யந்திரம். கம்பெனிகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை புது யந்திரத்தை இறக்குகின்றன. பழைய யந்திரத்துக்கென்று எழுதிய விளையாட்டு புதியதில் பெரும்பாலும் ஓடாது. பழைய யந்திரமோ தேய்கிறது. உள்ளிருக்கும் கெப்பாஸிட்டர்கள் கசிகின்றன. ஆட்டம் எதுவரை வந்தது என்பதை நினைவில் வைக்கும் பொருட்டுக் காட்ரிட்ஜுக்குள் பொருத்திய சிறு பாட்டரி தீர்ந்துபோகிறது. காந்தத் தட்டுகளில் எழுதியது அழிகிறது. ஆகையால், பழைய யந்திரத்தைப் போலப் புதியதை நடிக்கச் செய்யும் ‘எமுலேட்டர்’ என்ற புரோகிராமை எழுதி, அதன்மேல் பழைய விளையாட்டை ஏற்றவேண்டும். இது எளிய வேலையன்று. இதைச் செய்கிறவர்கள் கூலி கேட்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நல்ல தொகுப்பு ஒன்று வெளிவந்தால் அதை ஒரு நல்ல நூற்பதிப்புக்குச் சமமாகவே மதிக்கவேண்டும்.

அத்தகைய பதிப்பு ஒன்று 2022 நவம்பரில் வெளிவந்தது. அமெரிக்காவிலுள்ள அட்டாரி கம்பெனியின் ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி, டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற ஸ்தாபனத்தார் தயாரித்த ‘அட்டாரி 50’ அது. நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் அதில் அடங்கியிருக்கின்றன. அதன் பெருமை எண்ணிக்கையில் இல்லை. விளையாட்டுகளைக் காலவரிசையில் கோத்து, இடையிடையே பழைய விளம்பரங்களையும் கம்பெனியின் உட்கடிதங்களையும் சித்திரங்களையும் வைத்து, ஆக்கியோரையே பேசவைத்திருக்கிறார்கள். 1972-ல் ‘பாங்’ என்ற ஆட்டத்தை உண்டாக்கிய ஆல் ஆல்கார்ன் அது உண்டான கதையைத் தம் வாயாற் சொல்லக் கேட்கலாம். கேட்ட கையோடு ஆடியும் பார்க்கலாம். ஒரு கலையின் சரித்திரத்தை எழுத இதைவிடச் சிறந்த வழி இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

அத்தொகுப்பில் ‘அட்வெஞ்சர்’ என்ற விளையாட்டும் இருக்கிறது. அதை எழுதியவர் வாரன் ராபினெட். அக்காலத்தில் விளையாட்டை எழுதியவர் பெயரைப் பெட்டியில் போடுவதில்லை என்பது அட்டாரியின் வழக்கம். ராபினெட் ஒருவரிடமும் சொல்லாமல் ஆட்டத்துக்குள் ஒரு ரகசிய அறையைக் கட்டினார். பின்னணியின் நிறத்திலேயே கலந்து கண்ணுக்குத் தெரியாதிருக்கும் ஒரு சிறு புள்ளியைக் கண்டெடுத்து வருகிறவனுக்கு மட்டும் அந்த அறை திறக்கும். உள்ளே இதைச் செய்தவர் பெயர் ஒளிவிடும். ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியபோது ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். பெயரும் தக்க ஊதியமும் மறுக்கப்பட்டதால் வேறு நால்வர் 1979-ல் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்நால்வரில் ஒருவரான டேவிட் கிரேன், 1982-ல் அட்டாரியின் யந்திரத்துக்கே எழுதிய ‘பிட்ஃபால்’ அக்காலத்துப் பெரும் புகழ் பெற்ற ஆட்டங்களில் ஒன்று. ‘அட்டாரி 50’ வெளிவந்தபோது அதை அதிலே காணோம். அதன் பாத்தியதை வேறிடத்தில் இருக்கிறது. எவ்வளவு நேர்மையாகத் தொகுத்தாலும், உரிமை எங்கே முடிகிறதோ அங்கே சரித்திரமும் முடிந்துபோகிறது. இதைத் தொகுத்தவர்களின் குறையாக நாம் சொல்லவில்லை.

குறை சொல்லவேண்டிய இடம் வேறு. ஜப்பானில் கியோட்டோ நகரத்திலுள்ள நிண்டெண்டோ கம்பெனி, 1985-ல் வெளிவந்த தன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் 35-வது ஆண்டைக் கொண்டாட ‘சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்’ என்ற தொகுப்பை 2020 செப்டம்பர் 18-ந் தேதி வெளியிட்டது. 1996-ல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’, 2002-ல் வந்த ‘சன்ஷைன்’, 2007-ல் வந்த ‘காலக்ஸி’ ஆகிய மூன்றும் அதிலிருந்தன. முதலில் சொன்னது சாமானிய விளையாட்டன்று. நீளமும் அகலமும் ஆழமும் உள்ள ஒரு வெளியில் ஒரு பாத்திரத்தை எப்படி ஓடவும் தாவவும் திரும்பவும் செய்வது, பார்ப்பவன் கண் எங்கே நிற்பது என்ற கேள்விகளுக்கு அது கண்ட விடையைத்தான் பின்வந்தவர்கள் பலர் பின்பற்றினார்கள். அமெரிக்காவில் தொகுப்பின் விலை ஏறக்குறைய 60 டாலர், அதாவது முற்றிலும் புதிய ஆட்டத்தின் விலை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறொன்று. 2021 மார்ச் 31-ந் தேதியோடு விற்பனையை நிறுத்திவிடப் போவதாகக் கம்பெனி முன்கூட்டியே அறிவித்தது. சொன்னபடியே நிறுத்தியும் விட்டது. பெட்டியில் வரும் பிரதிக்கு மட்டுமல்ல, இன்டர்நெட் வழியாக இறக்கிக்கொள்ளும் பிரதிக்கும் அதே கெடு. பெட்டிக்காவது பிளாஸ்டிக்கும் காகிதமும் கப்பற்கூலியும் உண்டு; கிடங்கில் இடம் வேண்டும். இறக்கிக்கொள்ளும் பிரதி தீர்ந்துபோகும் சரக்கா? கிணறு வற்றவில்லை, வாளியை ஒளித்துவிட்டார்கள். ‘இன்றைக்கு வாங்காவிட்டால் என்றைக்கும் இல்லை’ என்ற பயத்தை உண்டாக்கி விற்பது சந்தைக்கடைத் தந்திரம். சுமார் 90 லட்சம் பிரதிகள் ஆறரை மாதத்தில் விற்றன என்றால் அத்தந்திரம் பலித்தது என்றுதான் சொல்லவேண்டும்.

இதே காலக்கெடுவில் இன்னொரு காரியமும் நடந்தது. 1990-ல் ஜப்பானில் வெளிவந்த முதல் ‘ஃபயர் எம்பளம்’ விளையாட்டு முப்பது வருஷங்களாக இங்கிலீஷில் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் கம்பெனியே முதன்முதலாக மொழிபெயர்த்து வெளியிட்டது. அதையும் அடுத்த மார்ச் 31-ந் தேதி நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் காத்திருந்தவர்களுக்கு நான்கு மாதம் அவகாசம்!

செகா கம்பெனியின் செய்கை இன்னும் விசித்திரமானது. அதன் ‘ஸோனிக்’ விளையாட்டுகள் 1991 முதல் பிரசித்தமானவை. அவற்றில் நான்கைத் தொகுத்து ‘ஸோனிக் ஆரிஜின்ஸ்’ என்ற பெயரில் 2022 ஜூன் 23-ந் தேதி வெளியிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, அதுவரை தனித்தனியே மலிவு விலைக்குக் கிடைத்துவந்த பழைய பிரதிகளைப் பெரும்பாலான இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. புதிய பதிப்பிலோ மூன்றாவது விளையாட்டின் இசையில் சில பகுதிகள் மாற்றப்பட்டிருந்தன. பழைய பாடத்தை அப்புறப்படுத்திவிட்டுத் திருத்திய பாடத்தை மூலம் என்று நீட்டுகிற பதிப்பாசிரியனை எந்தப் புலவர் சபை ஒப்புக்கொள்ளும்? ஐம்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் கொண்டிருந்த ‘மெகா டிரைவ்’ தொகுப்பையும் 2024 டிசம்பரில் செகா விற்பனையினின்றும் நீக்கிவிட்டது.

உரிமை வைத்திருப்பவனே சிறந்த காவலன் என்று ஒரு வாதம் உண்டு. கொனாமி கம்பெனியின் அனுபவம் அதற்கு மாறாகச் சாட்சி சொல்லுகிறது. 2001-ல் வந்த ‘ஸைலன்ட் ஹில் 2’ பீதிச்சுவைக்குப் பேர்போன விளையாட்டு. ஊர் முழுவதும் மூடுபனி. யந்திரத்தின் சக்திக் குறைவை மறைக்க இத்தொடரில் புகுந்த பனியே அதன் உயிராகிவிட்டது. 2012-ல் இதையும் இதன் அடுத்த பாகத்தையும் சேர்த்து மெருகிட்டுத் தொகுப்பாக வெளியிட முனைந்தபோது, முடிவான மூலப் புரோகிராம் கம்பெனியிடம் முழுமையாக இல்லை! அரைகுறையாகக் கிடைத்ததைக்கொண்டு வேலை நடந்தது. விளைவு, பனி விலகி, மறைந்திருக்கவேண்டிய ஓரங்களெல்லாம் பல்லிளித்தன. பணம் கொழிக்கும் கம்பெனி, பத்தே வருஷத்துக்கு முந்தின தன் சொந்தச் சரக்கைப் பத்திரப்படுத்தவில்லை. மார்க்கெட்டில் அன்றைய தேவை தீர்ந்ததும் மறந்துவிடுவது வியாபாரத்தின் சுபாவம். அதற்காக வியாபாரியைத் திட்டிப் பயனில்லை. காவல் வேலையை அவனிடம் ஒப்படைத்ததுதான் பிசகு.

நிலைமை எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்பதை 2023 ஜூலையில் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி காட்டிற்று. வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் என்ற அமெரிக்க ஸ்தாபனம், 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளை ஆராய்ந்தது. அவற்றில் நூற்றுக்கு 87 இன்று கடையில் எந்த ரூபத்திலும் வாங்கக் கிடைப்பதில்லை என்று கண்டது. நாம் மேலே பேசிய தொகுப்புகளெல்லாம் மீதமுள்ள 13-க்குள் அடக்கம். அதிலும் பலவற்றின் கதி மேலே கண்டதுதான். 2023 மார்ச் 27-ல் நிண்டெண்டோ தன் முந்தைய இரு யந்திரங்களுக்கான இணையக் கடையை மூடியபோது, அங்கே மட்டும் விற்றுவந்த ஆட்டங்கள் ஒரே நாளில் கடையிழந்தன. இப்போது அநேகம் பழைய விளையாட்டுகளைச் சந்தா முறையில் கொடுக்கிறார்கள். சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும். குடிக்கூலி கொடுப்பவன் வீட்டுக்காரனாவதில்லை.

“எங்கள் சரக்கு, எங்கள் கடை, விற்பதும் விற்காததும் எங்கள் இஷ்டம்” என்று கம்பெனிகள் கூறுகின்றன. இவ்வாதம் மேற்பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். பதிப்புரிமை என்பது நிலம் நீச்சைப் போன்ற சொத்தன்று. கலையும் அறிவும் வளரும் பொருட்டு, குறித்த காலத்துக்கு மட்டும் ஜனங்கள் தங்கள் சட்டத்தின் மூலம் ஆசிரியனுக்கு அளிக்கும் ஏகபோகம் அது. அமெரிக்க அரசியலமைப்பிலேயே இக்கருத்து இருக்கிறது. அந்தக் குறித்த காலம் கம்பெனிகளின் படைப்புக்கு 95 வருஷமாக இன்று நீண்டுவிட்டது. 1985-ல் வந்த முதல் மாரியோ 2080 முடிந்த பிறகே அங்கே பொதுச் சொத்தாகும். பத்து வயதில் அதை ஆடியவன் அன்றைக்கு இருந்தால் 105 வயதுக் கிழவனாயிருப்பான். காட்ரிட்ஜும் யந்திரமும் அதுவரை இருக்குமா?

ஏகபோகம் கொடுத்தவர்களுக்கு அதற்கொரு நிபந்தனை விதிக்கவும் பாத்தியம் உண்டு. நீ விற்கிறாயா, பேஷாக விற்றுக்கொள். விற்காமற் பூட்டிவைத்த பொருளைப் புத்தகசாலையில் வைத்துக் காட்டுவதைத் தடுக்காதே. மிகவும் அடக்கமான இந்தக் கோரிக்கையைத்தான் அமெரிக்கப் புத்தகசாலைகளின் சார்பில் கேட்டார்கள். அங்கே புத்தகசாலைகள் பழைய விளையாட்டைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம். பார்க்க விரும்புகிறவர் அந்தக் கட்டடத்துக்கே போகவேண்டும். விளையாட்டல்லாத மற்றப் புரோகிராம்களுக்கு இக்கட்டுப்பாடு 2021-ல் தளர்த்தப்பட்டது. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளையும் தூரத்திலிருக்கும் ஆராய்ச்சியாளர் தம் இடத்திலிருந்தே பார்க்க அனுமதிக்கவேண்டும் என்ற மனு 2024 அக்டோபரில் நிராகரிக்கப்பட்டது. கம்பெனிகளின் சங்கம் அதை எதிர்த்தது. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவார்களாம்! நாவலைப் புத்தகசாலையில் எடுத்துச் சந்தோஷமாகப் படிக்கிறவனை இதுவரை ஒருவரும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

திருட்டுப் பிரதி பெருகிவிடும் என்ற அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. கடையில் இருக்கும் பொருளைத் திருடுகிறவனைத் தண்டிக்கட்டும். எந்த விலை கொடுத்தும் வாங்க வழியில்லாத பொருளுக்கு ஏற்படும் நஷ்டம் எது என்பதைக் கம்பெனிகள்தாம் விளக்கவேண்டும்.

ஜனங்கள் வாய் திறந்தபோது பலன் கிடைக்காமலும் போகவில்லை. 2021-ல் ராக்ஸ்டார் கம்பெனி தன் பழைய மூன்று விளையாட்டுகளை மெருகிட்டுத் தொகுப்பாக வெளியிடுமுன் மூலப் பிரதிகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. புதியது பிழை மலிந்து வந்தது, கண்டனம் எழுந்தது, ஒரு மாதத்துக்குள் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டருக்குரிய பழைய பிரதிகளை மீண்டும் தருவதாக ஒப்புக்கொண்டது. விற்ற விளையாட்டைக் கம்பெனி பின்னால் ஆடமுடியாமற் செய்யலாகாது என்று ஐரோப்பாவில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மாரியோவின் ‘காலக்ஸி’ விளையாட்டும் அதன் இரண்டாம் பாகமும் 2025 அக்டோபரில் ஸ்விட்சுக்கு மறுபடி வந்திருக்கின்றன, மறுபடி விலைக்கு. 2021-ல் நிறுத்தியது சரக்கில்லாமையால் அன்று என்பதற்கு வேறு ருஜு வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்த விலக்குகளை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக விசாரிப்பார்கள். அடுத்த முடிவு 2027-ல் வரவேண்டும். சென்ற முறை புத்தகசாலைக்காரர்களும் பேராசிரியர்களும் ஒரு பக்கத்தில் நின்றார்கள். கம்பெனிகளின் வக்கீல்கள் மற்றொரு பக்கத்தில் நின்றார்கள். அந்த விசாரணையில் பொதுஜனங்களும் தங்கள் அபிப்பிராயத்தை எழுதி அனுப்ப இடமுண்டு. விளையாட்டை எழுதிய ராபினெட் போன்றவர்களும் ஆடி வளர்ந்த லட்சக்கணக்கானவர்களும் இம்முறை அதை உபயோகித்துக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்கு வெளியே பார்க்கும் உரிமையோடு நிறுத்தாமல், குறித்த வருஷங்கள் விற்பனைக்கு வராத விளையாட்டு தானாகவே புத்தகசாலைகளுக்குத் திறக்கப்படவேண்டும் என்று காங்கிரஸ் சட்டசபையிடமும் கேட்கவேண்டும்.