பாதை வரட்டும், காணி போகக் கூடாது

"சுவாமி, எங்கட வயலுக்குப் போகவே எங்களுக்குப் பாதையில்லை. நீங்கள் வெள்ளைக்காரர் சைக்கிள் ஓடுற பாதையைப் பற்றிக் கதைக்கிறீங்கள்."

கிராம அபிவிருத்திக் கூட்டமொன்றில் பெரியவர் ஒருவர் இவ்வாறு கேட்டபோது சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது. சொந்தக் காணியை விட்டு வெளியேறி, ஆண்டுக்கணக்காகப் பிறர் வளவில் குடியிருக்கும் ஒருவருக்கு, ஆற்றோரக் காட்சிகளை ரசித்தபடி சைக்கிள் ஓடுவது யாரோ வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகவே தோன்றும். ஆயினும் இந்தப் பேச்சை நாம் ஒதுக்கிவிடக் கூடாது என்பதே எனது கருத்து. சுற்றுலா என்ற பெயரில் நமது நிலத்தைப் பற்றி எங்கோ ஒரு மேசையைச் சுற்றியிருந்து சிலர் பேசத்தான் போகிறார்கள். அந்தப் பேச்சில் கமக்காரன் இல்லாவிட்டால், எடுக்கப்படும் முடிவிலும் அவன் இருக்க மாட்டான்.

சைக்கிளை நமக்கு எவரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிப்போன யாழ்ப்பாணத்தில் நெல் மூடையும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் சென்றனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, சைக்கிள் காரியரில் கட்டியதே பல குடும்பங்களின் முழுச் சொத்தாயிற்று. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதுமே மீண்டும் சைக்கிளைத் தேடியது. உழைப்புக்கும் ஓட்டத்துக்கும் உதவிய வண்டியாகவே நாம் அதை அறிவோம். அதே வண்டி வேறொரு நாட்டில் ஆற்றங்கரை விவசாயியின் வாசலுக்கு வருமானத்தைக் கொண்டு வருகின்றது. அது எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஜேர்மனியின் பசாவு நகரிலிருந்து ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னா வரை, தன்யூப் நதியின் கரையோரமாக ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமான சைக்கிள் பாதை செல்கின்றது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற பாதைகளுள் இது ஒன்று. மலைகளை வளைத்துச் செல்லும் ஆறு, சிறு கிராமங்கள், மெல்க் நகரில் ஆற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம், அதன் பின்னர் வக்காவு எனப்படும் பள்ளத்தாக்கு என ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் விரிகின்றன. மட்டக்களப்பு வாவியைக் கடக்க உதவும் 'பாதை'யைப் போன்ற மிதவைகளும் அங்கே உண்டு. வக்காவில் சில இடங்களில் இம்மிதவை இயந்திரமின்றி, மேலே கட்டப்பட்ட கம்பியின் துணையுடன், ஆற்றின் நீரோட்ட வேகத்தாலேயே அக்கரை சேர்கின்றது.

இப்பாதைக்கு நிலம் எங்கிருந்து வந்தது? இதுதான் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இதன் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. முற்காலத்தில் சரக்குப் படகுகளை ஆற்றோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் கரையில் நடந்து இழுத்தன. அக்குதிரைகள் நடந்த வழியே இன்று சைக்கிள் வழி. நீராவிக் கப்பல் வந்ததும் குதிரைகளுக்கு வேலையற்றுப் போயிற்று. வழி மட்டும் எஞ்சியது. 1980களில் அதனைச் செப்பனிட்டுச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். வழி விட்டுப்போன இடங்களில் கிராமத்துச் சிறு வீதிகளை இணைத்தார்கள். ஏற்கெனவே பொதுவாக இருந்ததையே பொதுவுக்குக் கொடுத்தார்கள்.

இரண்டாவது கேள்வி, அந்த அழகு எங்கிருந்து வந்தது? மெல்க்கிலிருந்து கிறெம்ஸ் வரை ஏறத்தாழ 35 கிலோமீற்றர் நீளமுள்ள வக்காவுப் பள்ளத்தாக்கை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காடு என்றோ மலை என்றோ அதனைச் சேர்க்கவில்லை. மனிதர் உழைத்து உருவாக்கிய பண்பாட்டு நிலம் என்றே சேர்த்தது. மலைச்சரிவில் சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் வைத்து அணை கட்டி, படிப்படியாக மண்ணை நிறுத்தி, அதில் திராட்சை நட்டவர்கள் விவசாயிகள். கீழே அப்ரிகொட் பழத் தோட்டங்களை வளர்த்தவர்களும் அவர்களே. கல்லணை சரிந்தால் கையாலேயே திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட படிகளைக் காடு மூடிவிடும். ஆகவே சைக்கிளில் வருபவர் இயற்கைக் காட்சி என்று நினைத்து ரசிப்பது, உண்மையில் தலைமுறை தலைமுறையாக விவசாயி சிந்திய வியர்வையையே. விவசாயி வெளியேறினால் அழகும் அவனோடு வெளியேறும். பற்றை மூடிக் கிடந்த தம் தோட்டங்களை மீளக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த மக்களும் தம் பள்ளத்தாக்கைச் சும்மா பெற்றுக்கொள்ளவில்லை. 1970களில் வக்காவின் நடுவே ஆற்றை மறித்து மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. பள்ளத்தாக்கு மக்கள் ஒன்றுகூடி அதனை எதிர்த்தனர். மேலே மெல்க் அருகில் 1982இல் அணை எழுந்தது. வக்காவில் எழவில்லை. இன்றும் அங்கே தன்யூப் தடையின்றி ஓடுகின்றது.

மூன்றாவது கேள்வி, வருமானம் யாருக்குச் சேர்கின்றது? 1784ஆம் ஆண்டில் இரண்டாம் யோசேப்புப் பேரரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். நமது திருச்சபையின் துறவு மடங்கள் பலவற்றை மூடியவரும் அவரே என்பதால், குருவாகிய நான் அவரைப் புகழ்வது அபூர்வம். ஆனால் இந்த ஆணை நல்ல ஆணை. தான் விளைவித்த உணவையும் திராட்சை ரசத்தையும் எவரும் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று அது அனுமதித்தது. இன்றும் அந்த நாட்டு விவசாயி விற்பனைக் காலத்தில் வாசலில் ஒரு பச்சைக் கொத்தைக் கட்டித் தொங்கவிடுகிறார். வழிப்போக்கர் அதைக் கண்டு உள்ளே வருவர். வீட்டு அறைகளில் பத்துக் கட்டில்கள் வரை வணிக உரிமப்பத்திரமின்றி வாடகைக்கு விடவும் குடும்பத்தவர்க்கு இடமுண்டு. சைக்கிள் ஓடி வருபவரோ காரில் வருபவரைப் போலப் பறந்துவிட மாட்டார். களைப்பார், பசிப்பார், மழைக்கு ஒதுங்குவார், இராத் தங்குவார். அவர் கொடுக்கும் காசு பெரிய விடுதிக்கு மட்டுமன்றிப் படலைக்குப் படலை பிரிந்து சேரும்.

எனவே, அப்பாதையின் வெற்றி தாரிலும் கொங்கிறீற்றிலும் இல்லை. நிலம் விவசாயியின் கையில் இருந்தது. பாதை பொதுநிலத்தில் சென்றது. தன் விளைவைத் தன் வாசலில் விற்கும் உரிமை அவனுக்கு இருந்தது. இம்மூன்றும் முதலில் இருந்தன. சைக்கிள் பின்னரே வந்தது.

நமது நாட்டிலோ வரிசை தலைகீழாகிவிட்டது. வலிகாமம் வடக்கில் 1990ஆம் ஆண்டில் மக்கள் விட்டுச்சென்ற கரையோரத்தில், 2009இல் யுத்தம் முடிந்த பின், அம்மக்கள் அனைவரும் திரும்பு முன்னரே உல்லாச விடுதி விருந்தினரை வரவேற்றதை நாம் கண்டோம். கடற்காற்றை வாங்கப் பயணிகளுக்கு அனுமதி கிடைத்தது. கிணற்றுக்கட்டைத் தொட்டுப் பார்க்கக் காணிச் சொந்தக்காரனுக்குக் கிடைக்கவில்லை. இதற்கு அபிவிருத்தி என்று பெயர் சூட்டுவது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

வேதாகமத்தில் நாபோத்தின் கதையை நாம் அறிவோம். அவனிடம் ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, கீரைத் தோட்டம் போட வசதி என்று ஆகாபு அரசன் அதைக் கேட்டான். வேறு நல்ல தோட்டமோ பணமோ தருவதாகவும் சொன்னான். முன்னோரின் உரிமைச் சொத்தைக் கொடுக்க மாட்டேன் என்றான் நாபோத்து. அதற்காகவே பொய்க்குற்றம் சுமத்திக் கொல்லப்பட்டான். அரசனின் ஆசை அப்படியொன்றும் பயங்கரமானதன்று. ஒரு கீரைத் தோட்டம்தான். உரியவன் சம்மதமின்றி எடுக்கப்படும்போது கீரைத் தோட்டமும் பாவமாகிறது. சைக்கிள் பாதையும் அவ்வாறே.

அப்படியானால் நமக்கு இப்பாதைகள் வேண்டாமா? வேண்டும் என்றே சொல்வேன். அருவி ஆற்றை எடுத்துக்கொள்வோம். தேக்கம் அணையில் திரும்பும் அதன் நீர் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி மன்னார் வயல்களுக்குப் பாய்கின்றது. குளக்கட்டு இருக்கிறது, வாய்க்கால் வீதி இருக்கிறது, பச்சை வயலும் நீர்ப்பறவையும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி மடுமாதா திருத்தலம் இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்குச் சைக்கிளில் செல்லும் வழக்கம் நம் மக்களிடம் முன்னரே உண்டு. 1990களில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் தேடிப் போன வழியும் அதுதான். கண்ணீரோடு போன வழியில் நம் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு சைக்கிள் ஓடுவதும், வருகின்ற விருந்தினர் நமது படலையில் இளநீரும் மோரும் வாங்கிக் குடிப்பதும் நல்ல காரியங்களே.

ஆனால் எவர் வந்து பாதைத் திட்டம் பேசினாலும், அவர் என்.ஜி.ஓ. ஆனாலும் அரச அலுவலர் ஆனாலும் எம் போன்ற குருக்களே ஆனாலும், நான்கு விடயங்களைக் கேளுங்கள். முதலாவது, காணி எவருடையது? உறுதியோ அனுமதிப்பத்திரமோ இன்றி வெளியே நிற்கும் குடும்பத்தின் காணி அப்பாதையில் இருந்தால், அதன் பிரச்சினையை முதலில் தீர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, கண்ணிவெடி அகற்றப்பட்டதற்குச் சான்று உண்டா? மூன்றாவது, கமக்காரர் அமைப்பைக் கேட்டார்களா? குளக்கட்டில் எவர் எப்போது போகலாம் என்பதை நீர் பாய்ச்சுகிறவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நான்காவது, விற்கும் உரிமை யாருக்கு? பாதையோரக் கடைகளை வெளியூர் முதலாளிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, நம் பெண்களைக் கூலிக்கு நிறுத்துவதானால் அத்திட்டம் நமக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. சுற்றுலா காற்றுப்போல் வந்து காற்றுப்போல் போகும். 2019இல் உயிர்ப்புப் பெருநாள் குண்டுவெடிப்புகள், 2020இல் பெருந்தொற்று, 2022இல் பொருளாதார நெருக்கடி என்று அது நமது நாட்டில் எத்தனை தடவை நின்றுபோனது! தன்யூப் கரையிலும் 2002, 2013 ஆண்டுகளில் பெருவெள்ளம் வந்தது. பயணி வராத ஆண்டிலும் கொடி காய்க்கும், நெல் விளையும். ஆகவே கமம் முதலாவதாகவும் விருந்தினர் இரண்டாவதாகவும் இருக்கட்டும். வயலை விற்று விடுதி கட்டுபவர், அடுத்த நெருக்கடியில் இரண்டுமின்றி நிற்பார்.

அந்தப் பெரியவருக்கு அன்று நான் சரியான மறுமொழி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஐயா, நீங்கள் கேட்டதே சரியான வரிசை. முதலில் உங்கள் வயலுக்கு நீங்கள் போகும் பாதை திறக்கப்பட வேண்டும். நீங்கள் திரும்பிப் போய் உழுது விதைத்தால்தான், அவ்வழியே சைக்கிளில் வருபவர் இறங்கி நின்று பார்ப்பதற்கு அங்கே ஏதாவது இருக்கும்.