முதுமையும் சன்னியும்

மொழியாசிரியர் மருத்துவத்தில் தலையிடுவது முறையோ எனச் சிலர் வினவக்கூடும். நோயைத் தீர்ப்பவர் மருத்துவரே. ஆயினும் நோய்க்கு நாம் இட்டு வழங்கும் பெயர் பிழைபடுமாயின், அந்நோய் மருத்துவரின் பார்வைக்கே வாராமற் போய்விடுகிறது. பெயரைப் பற்றிப் பேசத் தமிழ்த்துறைக்கு உரிமை உண்டு என்னும் துணிவிலேயே இதனை எழுதத் தலைப்பட்டோம்.

எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் எனக் கொள்வோம். சேர்ந்த அன்று தெளிவாகப் பேசியவர், மூன்றாம் நாள் இரவு பெற்ற மகனையே யாரெனக் கேட்கிறார். கையில் ஏற்றியிருக்கும் குளுக்கோசு ஊசியைப் பிடுங்குகிறார். என்றோ விற்றுவிட்ட மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவில்லையே என்று எழப் பார்க்கிறார். விடிந்தால் ஓரளவு தெளிவு. பொழுது சாய்ந்தால் மீண்டும் மயக்கம். சுற்றியிருப்போருள் பலர் 'வயதாகிவிட்டது' என்பர். சிலர் காற்றுக் கருப்பு என்றும் ஜின் என்றும் கூறித் தாயத்துக்கும் ஓதிய தண்ணீருக்கும் ஆள் அனுப்புவர். வேறு சிலர், வேளை வந்துவிட்டதெனத் தொலைவிலுள்ள உறவினருக்குச் சொல்லிவிடுவர். இவை வெவ்வேறு விளக்கங்களாகத் தோன்றினும், உடலில் காரணம் தேடவேண்டுவதில்லை என்னும் ஒரே முடிவில் கொண்டு சேர்ப்பன.

மேலை மருத்துவம் இந்நிலையை 'டெலிரியம்' என்கிறது. இலத்தீனில் அதன் வேர்ப்பொருள் சால் விட்டு விலகுதல் என்பதாம். ஏர் பிடித்தோர் இன்னும் வாழும் நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் இதற்கு உரை வேண்டா. காளை சால் விலகினால் உழவர் அதனை அன்றே சந்தைக்கு ஓட்டிவிடுவதில்லை. எது இடறிற்று என்றுதான் பார்ப்பார்.

நம்மிடமும் சொல் இருந்தது. 'சன்னி கண்டுவிட்டது' என்பர் முன்னோர். பேச்சு வழக்கில் அது ஜன்னி. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைச் சன்னிபாதம் என்றனர். சொல் வடமொழி வழி வந்ததே. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. அவர்தம் உடற்கூற்றுக் கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்காது போகலாம். எனினும் சன்னி என்றவர், பிதற்றலின் வேர் உடலில் உள்ளதென்று கருதிக் காய்ச்சலைத் தேடினார். வயது என்பவரோ தேடுவதையே நிறுத்திவிடுகிறார். இவ்வகையில் பழஞ்சொல்லே மருத்துவத்திற்கு அண்மையில் நிற்கிறது என்பது எம் கருத்து.

இத்தேடலுக்கு ஓர் அளவுகோல் வகுத்தவர் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஷாரன் இனோயே. 1990இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட முறை நான்கு குறிகளை நோக்கச் சொல்கிறது. குழப்பம் திடீரெனத் தோன்றி ஏறியிறங்குதல் ஒன்று. கவனம் நிலைகொள்ளாமை மற்றொன்று. இவ்விரண்டும் கட்டாயம் இருத்தல் வேண்டும். இவற்றோடு, பேச்சும் சிந்தனையும் கோவையற்றுப் போதலோ, விழிப்புநிலை மாறுபடுதலோ சேர்ந்தால் அது டெலிரியம். ஆண்டுக்கணக்கில் மெல்லப் படரும் மறதி நோயினின்று இதனைப் பிரித்தறிய 'திடீரென' என்னும் அச்சொல்லே பெருந்துணை. "நேற்று வரை நன்றாக இருந்தாரே" என்று மகள் அழுதுகொண்டே சொல்வது வெறும் புலம்பலன்று; நோயறிதற்கு வேண்டிய முதற்சான்று அது.

பிதற்றுவோர் எப்படியும் கண்ணிற் படுவர். பேசாது கண்மூடிக் கிடப்போர் நிலையே இரங்கத்தக்கது. 'பாவம், அசந்து தூங்குகிறார்' என்று விட்டுவிடுகிறோம். அதுவும் இந்நோயின் ஒரு வடிவமே. தொல்லை தராமையால் எளிதில் தப்பிவிடுவது.

காரணங்கள் பெரும்பாலும் சிறியவை: சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், உப்புக் குறைதல், மலச்சிக்கல், வலி, தூக்க மாத்திரை. மருத்துவமனையே காரணமாதலும் உண்டு. கைகளைக் கட்டிவைத்தல், சிறுநீர்க்குழாய் செருகுதல், ஊட்டக்குறைவு, மூன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் புதிதாகச் சேர்தல் ஆகியன இந்நோயைத் தூண்டுவதை அவரது 1996ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

1999இல் வெளிவந்த ஆய்வே நம் சிந்தனைக்கு மிக உரியது. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளரை அது ஆராய்ந்தது. ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதியினருக்கு அதனோடு சில எளிய உதவிகள்: நாளும் இடமும் எடுத்துச் சொல்லிப் பேசிக்கொண்டிருத்தல், எழுப்பி நடத்தல், மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் அணிவித்தல், நீர் அருந்தச் செய்தல், இரவில் மாத்திரைக்கு மாற்றாக வெதுவெதுப்பான பானமும் முதுகு தடவலும் மெல்லிசையும். முன்னவருள் நூற்றுக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்தது; பின்னவருள் 9.9 பேருக்கே வந்தது. வந்தபின் அதன் கடுமையை இம்முயற்சி குறைக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆகவே வருமுன் காத்தலே இங்கு வழி.

இப்பணிகளுக்காக அங்கே பயிற்சி பெற்ற தொண்டர்களை அமர்த்தினர். நம் அரசு மருத்துவமனையிலோ கட்டிலடியில் பாய் விரித்து யாரேனும் ஒருவர் இருக்கவே இருக்கிறார். ஆள் இருந்தும் அவர் செய்யத்தக்கது யாதென எவரும் சொல்வதில்லை. கண்ணாடியும் பல்செட்டும் காணாமற் போகுமென்று பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கண்ணும் வாயும் இழந்தவர், பின்னர் யாரை அடையாளம் காண்பார்? எதை உண்பார்? தீவிர சிகிச்சைப் பிரிவிலோ உறவினர் வெளியே நிறுத்தப்படுகின்றனர். உள்ளே இரவெல்லாம் விளக்கெரிகிறது. தொற்று அச்சம் உண்மையே. எனினும் பழகிய குரல் ஒன்று பகலில் சிறிது நேரமேனும் அருகிருக்க இசைவளித்தல் வேண்டும்.

தமிழகம் இத்துறையில் பின்தங்கியதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் வி.எஸ்.நடராஜன், தமிழிலும் முதியோர் நல நூல்கள் எழுதியவர். கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென 200 படுக்கைகள் கொண்ட தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது. அரியலூரிலும் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தஞ்சைக்கும் திருச்சிக்கும் முதியோரைத் தூக்கிக்கொண்டு ஓடிய நிலை பெரிதும் குறையும்.

இனி எம் துறைக்கு வருவோம். கவனத்தையும் காலவுணர்வையும் சோதிக்க மருத்துவர் கேள்வி கேட்டாக வேண்டும். 'இன்று என்ன தேதி?' என்று எழுத்தறியாத மூதாட்டியைக் கேட்டால், நோயில்லாப் பொழுதும் விடை வாராது. அரியானாவின் பல்லப்கரில் கல்வியறியாச் சிற்றூர் முதியோருக்கென்றே நினைவாற்றல் சோதனையொன்றை இந்தியில் திருத்தியமைத்து 1995இல் வெளியிட்டனர். நம் வட்டாரத்திற்கும் அத்தகைய திருத்தம் வேண்டும். ஆடியா ஆவணியா என்று கேட்கலாம். நோன்பு வைக்கும் மாதம் கழிந்ததா வரப்போகிறதா என்று கேட்கலாம். கடைசியாகக் கேட்ட பாங்கு அஸருக்கா மஃரிபுக்கா என்று வினவலாம். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் செய்தல் கவனத்தைச் சோதிக்கும். அதற்குப் பள்ளிப் படிப்பு வேண்டுவதில்லை.

மருத்துவர் சரிபார்த்து ஒப்பும் வகையில் இத்தகைய வினாத்தாள் ஒன்றை நம் துறை மாணவர் ஊர்ப் பேச்சில் எழுதித் தரலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் பயிற்சி பெற்று, மாலை நேரங்களில் முதியோர் கட்டிலருகே அமர்ந்து பேசி வரலாம். இதில் நிர்வாகத்திற்குச் செலவும் பெரிதன்று. உடனிருப்போர்க்கென எளிய தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையும் வேண்டும். அதன் முதல் வரி, 'பெரியவருடைய மூக்குக் கண்ணாடி எங்கே?' என்னும் கேள்வியாக இருக்கட்டும்.