அங்கீகாரம் யாருக்கு?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் எங்கள் திரிங்காப் கடைத்தெருவில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். சமவெளி நகரங்களிலுள்ள தனியார் கல்லூரிகளின் வண்ணத் துண்டறிக்கைகள் மலையேறி வந்துவிடும். கழுத்துப்பட்டை அணிந்த இளைஞன் ஒருவன். அவன் பின்னால் வானளாவிய கட்டடம். கீழே பெரிய எழுத்தில் ‘வணிக நிருவாகம்’ என்னும் சொற்கள். அவற்றின் கீழே ‘அங்கீகாரம் பெற்றது’ என்னும் முத்திரை.

காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தந்தை ஒருவர் இத்தகைய துண்டறிக்கைகள் இரண்டை என்னிடம் கொண்டு வந்தார். அவருடைய மகள் என் பள்ளியில் பயின்றவள். “சார், ரெண்டுலயும் அங்கீகாரம்னு போட்டிருக்கு. எதை நம்புறது?” என்று கேட்டார். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியனுக்கும் வணிகக் கல்விக்கும் என்ன தொடர்பு என்று அவர் எண்ணவில்லை. எழுத்தறிந்தவன் என்பதற்காகவே என்னைத் தேடி வந்தார். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவர்களாக இருக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் கவலை.

“நம் கடமை தமிழ்ப்பள்ளியைக் காப்பது; கல்லூரி அங்கீகாரம் நமக்கு எதற்கு?” என்று கேட்கும் தமிழாசிரியர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் ‘அகர முதல’ கற்பித்து அனுப்பும் பிள்ளைகளில் பலர் பதினேழு வயதில் சென்று நிற்கும் வாசல், வணிகப் படிப்பின் வாசலே. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மதிப்பெண் எட்டாதபோது, “பிசினஸ் படி” என்று உறவினர் சொல்கின்றனர். அந்த வாசலில் நம் பிள்ளை ஏமாற்றப்பட்டால், ஆறாண்டு நாம் பட்ட பாடும் வீணாகிறது.

இன்னொரு சாரார், “முத்திரை எதற்கு? திறமை இருந்தால் போதும்” என்று மேடையில் முழங்குகின்றனர். கேட்க இனிமைதான். ஆனால் கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை மதிப்பற்ற சான்றிதழோடு வந்தாலும் தந்தையின் கல்லாப்பெட்டி அவனைக் காப்பாற்றும். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தத் தாளைத் தவிர வேறு துணையில்லை. அத்தாள் செல்லுமா செல்லாதா என்பது அவனுக்கு வாழ்வா தாழ்வா என்னும் வினா.

என் முன்னாள் மாணவன் ஒருவன் தனியார் கல்லூரியொன்றில் வணிக நிருவாகப் பட்டயப் படிப்பில் சேர்ந்தான். தாயின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. படிப்பு முடிந்தபின்னரே, அப்பாடத்திட்டம் தற்காலிக அங்கீகாரத்தைத் தாண்டவில்லை என்பது அக்குடும்பத்துக்குத் தெரிய வந்தது. அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தான், சான்றிதழ் ஏற்கப்படவில்லை. இன்று அவன் இரவெல்லாம் முட்டைக்கோசு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டுகிறான். லாரி ஓட்டுவது இழிவன்று, நேர்மையான உழைப்பு. ஆனால் அதற்காக அந்தத் தாய் நகையை இழந்திருக்க வேண்டியதில்லை.

இந்நாட்டில் இதற்கென ஓர் அரண் இல்லாமலில்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய அங்கீகார வாரியம் தோன்றித் தனியார் கல்லூரிப் பாடத்திட்டங்களை ஆராய்ந்தது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் பணியை எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனம் ஏற்றது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் தரமும் அதன் பார்வைக்குள் வந்தது. பாடத்திட்டம் தொடங்கும் முன்னர் தற்காலிக அங்கீகாரம். முதல் அணி மாணவர் இறுதியாண்டை எட்டும் வேளையில் ஆராய்ந்து வழங்கப்படுவது முழு அங்கீகாரம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் துண்டறிக்கை பேசாது. மலேசியத் தகுதிப் பதிவேடு இணையத்தில் எவரும் காணத் திறந்தே கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்கக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தை நம் சமூகத்துக்கு ஈவதற்கு எத்தனை ஆசிரியர்கள் ஆயத்தமாக உள்ளனர்?

ஆகவே முத்திரை வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முத்திரை ஒன்றே போதும் என்று முழங்கும் மற்றொரு கூட்டத்தோடும் எனக்கு வழக்குண்டு. உள்நாட்டு அங்கீகாரம் போதாதென்று, உலக முத்திரை பெற்ற வணிகப் பள்ளி என்று மார்தட்டுவோர் அவர்கள். அந்த உலக முத்திரையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1916-ஆம் ஆண்டு 17 பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்த கழகமே இன்று ஏ.ஏ.சி.எஸ்.பி. என்னும் பெயரால் அறியப்படுகிறது. 1919-இல் அது தன் முதல் தர விதிகளை வகுத்தது. அந்நாளைய வணிகக் கல்வி கடையையும் தொழிற்சாலையையும் கணக்கேட்டையும் சுற்றியே இருந்தது. 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் வெளியிட்ட இரண்டு அறிக்கைகள் அக்கல்வியைக் கடுமையாகக் குறை கூறின. ஆழமில்லை, ஆய்வில்லை, வெறும் தொழிற்பயிற்சி என்றன. குறை உண்மையே. மருந்தும் நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் நாளடைவில் ஆசிரியரின் பெருமை அவர் எழுதிய ஆய்விதழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கையில் அடங்கிற்று. தொழிற்சாலையின் உள்ளே காலடி வைக்காதவரும் தொழில் நிருவாகப் பேராசிரியராக விளங்க முடிந்தது.

இதை வெளியாரே குறை கூறினர் என்று எண்ணவேண்டா. 2005-இல் வாரன் பென்னிஸும் ஜேம்ஸ் ஓட்டூலும் வணிகப் பள்ளிகள் வழி தவறின என்று எழுதினர். கல்கத்தாவில் பிறந்து இலண்டன் வணிகப் பள்ளியில் பேராசிரியராக விளங்கிய சுமந்திர கோஷல் 2004-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரை, அறத்தைக் கழித்துவிட்டுக் கற்பிக்கப்படும் நிருவாகக் கோட்பாடுகள் மாணவரைப் பொறுப்புணர்விலிருந்தே விடுவித்துவிடுகின்றன என்று சாடியது. 2008-இல் அமெரிக்க வங்கிகள் சரிந்து உலகையே உலுக்கியபோது, அவ்வங்கிகளின் உயர்பதவிகளில் முத்திரை பெற்ற பள்ளிகளின் பட்டதாரிகளும் இருந்தனர்.

அதன் பின்னர்க் காற்றுத் திசை மாறிற்று. 2013-இல் வந்த விதிகள் தாக்கம், புதுமை, ஈடுபாடு என்னும் மூன்றை வலியுறுத்தின. 2020-இல் வந்த விதிகள், சமூகத்துக்கு உம் பள்ளியால் விளைந்த நன்மை யாது என்று வெளிப்படையாகவே கேட்கின்றன. நல்ல கேள்வி, நூறாண்டு கழித்து வந்த கேள்வி. ஆனால் ‘சமூகம்’ என்னும் சொல்லுக்குள் யார் யார் இடம்பெறுவர்?

கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிலும் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் பயின்று, உலகப் புகழ் எய்திய சி.கே. பிரகலாத்தை நம்மவர் என்று போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். 2004-இல் வெளிவந்த அவருடைய நூல், கூம்பின் அடியில் வாழும் ஏழை மக்களைப் பெருநிறுவனங்கள் திரும்பிப் பார்க்கச் செய்தது. எனினும் அந்நூலைப் பின்பற்றியோர் பெரும்பாலும் ஏழையைப் பொருள் வாங்குபவனாகவே கண்டனர். பொருளை விளைவிப்பவனாக, தன் விளைவுக்குத் தானே விலை சொல்ல வேண்டியவனாக அவனைக் கண்டோர் சிலரே.

எங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இம்மலைச் சரிவுகளில் தமிழர் கைகள் கொழுந்து கிள்ளின. பின்னர்க் கத்தரி வந்தது. அதன்பின் இயந்திரம் வந்தது. நம் பிள்ளைகள் நகரங்களுக்கு இறங்கினர். அயல்நாட்டுத் தொழிலாளர் அவ்விடங்களில் அமர்ந்தனர். ஒரு கிலோ கொழுந்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட வணிகப் பட்டதாரிக்குக் கற்பித்திருக்கிறார்கள். லயம் காலியானால் அங்கிருந்த கோயிலும் பள்ளியும் என்னவாகும் என்பதற்கு அவருடைய கணக்கேட்டில் பத்தி இல்லை. திரிங்காப் காய்கறி விவசாயியின் நிலையும் இதுவே. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின்மீது பலருடைய நிலம் நின்றது. மழை சரிவைக் கரைக்கிறது. உரமும் மருந்தும் அவர் கேட்காமலே விலை ஏறுகின்றன. அவர் விளைவித்த தக்காளிக்கு மொத்த வியாபாரி தொலைபேசியில் விலை சொல்கிறார். பாஸ்டன் நகரத்து நிறுவனத்தின் சிக்கலை வகுப்பில் விவாதிக்கும் நம் மாணவி, தன் தந்தையின் தக்காளிக் கூடையை விவாதிக்க ஏன் கற்பிக்கப்படவில்லை?

பிறரைக் குறை கூறும் நான் என்னையும் விட்டுவைக்கலாகாது. பள்ளிகளுக்கும் தர மதிப்பீடு உண்டு. ஓராண்டு கோப்புகளை அடுக்கி, படங்களை ஒட்டி, அறிக்கைகளை நிரப்பிப் புள்ளிகளை உயர்த்தினேன், பாராட்டும் பெற்றேன். அதே ஆண்டு நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். கோப்பு அவனைக் காணவில்லை. கோப்பில் மூழ்கியிருந்த நானும் காணவில்லை. தாளை அளக்கும் அளவுகோல் தாள் செய்யவே நம்மைப் பழக்கும் என்பதை அன்று நான் என் பள்ளியிலேயே கற்றேன். பெரிய வணிகப் பள்ளிகளுக்கு நேர்ந்தது இதுவே என்பது என் துணிபு.

தமிழாசிரியர்களே, மாணவர்களே, வணிகத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை என்று தயங்கவேண்டா. வள்ளுவர் வணிகரின் இலக்கணத்தைப் பொருளீட்டும் அதிகாரத்தில் வைக்கவில்லை. நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். வாங்குவோர் பொருளையும் தன் பொருள்போல் பேணாதவன் வணிகனாகான் என்று கருதிய மரபு நம்முடையது. இன்று புதிய விதிகள் தேடி அலையும் பொருள் அதுவே.

ஆதலால் ஆசிரியர் தம் பள்ளியில் ஆண்டுக்கு ஒருநாள் பெற்றோரை அழைத்துத் தகுதிப் பதிவேட்டைப் பார்க்கக் கற்பிக்கட்டும். கல்லூரி முகவரிடம் மாணவர் வேலைவாய்ப்பை மட்டும் கேளாமல், “உங்கள் ஆசிரியர்கள் எந்தச் சிறு வணிகரோடு, எந்தத் தொழிலாளரோடு பணியாற்றினர்?” என்றும் கேட்கட்டும். வணிகம் பயிலும் நம் இளைஞர், தம் ஊர்த் தோட்டத்தையும் சந்தையையும் தமிழில் ஆய்ந்து எழுதட்டும். அந்த ஏடுகள் சேர்ந்தால், எந்தப் பள்ளியும் அவற்றைப் புறக்கணித்துவிட்டுச் சமூக நன்மை பேச முடியாது.

துண்டறிக்கைகளோடு வந்த தந்தையும் நானும் அன்று மாலை பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ஒரு பாடத்திட்டம் அதில் இருந்தது, மற்றொன்று இல்லை. இல்லாததை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சார், இதைப் படிச்சா எம்மக நம்ம தக்காளிக்கு வெல சொல்லக் கத்துக்குவாளா?” என்று, இருந்ததைக் காட்டிக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தர விதிகளை எழுதுவோர் அவருக்கு விடை சொல்லட்டும்.